உங்கள் போராட்டம் யாரோடு? ஆவிக்குரிய யுத்தம் பற்றி ஓர் எளிய விளக்கம்

வேலையிடத்தில் ஒருவர் நம்மைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் பேசுகிறார். உறவினர் ஒருவர் சொத்து விஷயத்தில் ஏமாற்றிவிடுகிறார். நேற்றுவரை கூட இருந்து ஜெபித்த நண்பர் இன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உடனே, "சத்துரு எழும்பிவிட்டான், இது ஆவிக்குரிய யுத்தம்" என்று சொல்லிவிடுகிறோம். அப்புறம் நம் ஜெபத்தில் அந்த மனிதரின் பெயரே அடிபடத் தொடங்குகிறது. அவர் திட்டம் கவிழ வேண்டும், அவர் வெட்கப்பட வேண்டும், அதை நாம் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

இப்படி ஜெபிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆழமாகக் காயப்பட்டவர்களே பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். ஆனால் வேதாகமம் இந்த யுத்தத்தைப் பற்றிச் சொல்வதற்கு இது ஏறக்குறைய நேர் எதிரானது. இதில் குழம்பினால், போராடுவதாக நினைத்துக்கொண்டே ஒருவர் தோற்றுக்கொண்டிருப்பார். ஆகவே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் ஒரு வரையறை. மனிதரைத் தேவனிடமிருந்தும், ஒருவரை மற்றவரிடமிருந்தும் பிரிக்க முயலும் தீய சக்திக்கு இடம் கொடுக்காமல் எதிர்த்து நிற்பதுதான் ஆவிக்குரிய யுத்தம். அந்தத் தீய சக்தியைப் பிசாசு என்றும் சாத்தான் என்றும் வேதாகமம் அழைக்கிறது. இந்தக் கட்டுரையில் 'எதிரி' என்று வரும் இடமெல்லாம் நம்மை எதிர்க்கும் மனிதரைக் குறிக்கும். மற்றதைப் பிசாசு என்றே சொல்கிறேன்.

## மூன்றாவது ஆள்

இரண்டு நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர், முதலாமவரிடம் போய், "உன்னைப் பற்றி அவன் இப்படிச் சொன்னான்" என்கிறார். இரண்டாமவரிடமும் அதே வேலை. சிண்டு முடிந்துவிட்டு ஒதுங்கி நின்றுகொள்கிறார். நண்பர்கள் இருவரும் ஒருவரையொருவர் கிழித்துக்கொள்கிறார்கள். இதில் யார் ஜெயித்தது? சண்டையில் யார் கை ஓங்கினாலும் ஜெயித்தது அந்த மூன்றாவது ஆள்தான். முதலாமவர் இரண்டாமவரை அடித்து வீழ்த்தினால் அவருக்கு இன்னும் மகிழ்ச்சி.

இரண்டாமவர் செய்தது தவறில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. அவர் பேசிய சுடுசொல் உண்மை, அதனால் உண்டான காயமும் உண்மை. ஆனாலும் அவரோடு மட்டும் சண்டை போட்டால் பிரச்சினையின் வேர் தொடப்படுவதே இல்லை. கிறிஸ்தவப் பார்வையில் எதிரிக்கும் பிசாசுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இப்படிப்பட்டது.

## எபேசு நகரத்தாருக்கு எழுதப்பட்டது

இந்தக் கருத்தின் அடித்தளம் எபேசியர் 6-ஆம் அதிகாரம். பவுல் எழுதியதாகச் சபை ஏற்றுக்கொண்ட கடிதம் அது. 12-ஆம் வசனம், நம் போராட்டம் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்று சொல்கிறது. அதாவது மனிதரோடு இல்லை. துரைத்தனங்கள், அதிகாரங்கள், பொல்லாத ஆவிகளின் சேனைகள் ஆகியவற்றோடுதான் என்கிறது. துரைத்தனங்கள், அதிகாரங்கள் என்பவை கண்ணுக்குத் தெரியாமல் மனிதரையும் சமுதாயங்களையும் ஆட்டிவைக்கும் சக்திகள். இவை ஆள்தன்மையுள்ள ஆவிகள் என்பது பெரும்பாலான சபைகளின் நம்பிக்கை. அடிமை முறை, இனவெறி போன்ற கொடிய அமைப்புகளுக்குள்ளும் இவை செயல்படுகின்றன என்று அழுத்திச் சொல்லும் இறையியலாளரும் உண்டு.

எபேசு மக்களுக்கு இது புதுப் பேச்சாக இருந்திருக்காது. ஆர்த்தெமிஸ் தேவியின் பெரிய கோயிலுக்கும் மந்திர வித்தைக்கும் பேர்போன நகரம் அது. அங்கே விசுவாசிகளானவர்கள் தங்கள் மாந்திரீகப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள், அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. எதிரியை மந்திரத்தால் கட்டுவதும் முடக்குவதும் அந்த உலகில் சாதாரணம். அதைக் கைவிட்டு வந்தவர்களுக்குத்தான், 'உங்கள் போராட்டம் மனிதரோடு இல்லை' என்ற வரி போய்ச் சேருகிறது. எதிரியின் பெயரைச் சொல்லி அவனை வீழ்த்தக் கேட்கும் ஜெபம், எரித்துவிட்டு வந்த அந்தப் புத்தகங்களுக்கே திரும்பிப் போவது போலாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை எழுதியவரின் நிலையையும் பாருங்கள். "சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறேன்" என்று அதே அதிகாரத்தில் சொல்கிறார். எதிரிகளின் பட்டியல் போட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் தனக்காக அவர் கேட்டுக்கொள்ளும் ஜெபம் ஒன்றுதான்: சுவிசேஷத்தைத் தைரியமாகப் பேச வேண்டும். காவலர்கள் அழிய வேண்டும் என்றோ, வழக்குத் தொடுத்தவர்கள் நாசமாக வேண்டும் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

இதற்குப் பின்னால் அவருடைய வாழ்க்கையே இருக்கிறது. சவுல் என்ற பெயரில் அவர்தான் ஒருகாலத்தில் சபையின் எதிரி. ஸ்தேவான் என்ற விசுவாசியைக் கல்லெறிந்து கொன்றபோது, கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களுக்குக் காவல் நின்றவர். வீடுகளில் நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சிறையில் போட்டவர். சாகும் நேரத்தில் ஸ்தேவான், இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்த வேண்டாம் என்று ஜெபித்தார். 'இந்தச் சவுலை அழித்துப்போடும்' என்று அன்றைய சபை கேட்டு, அது அப்படியே நடந்திருந்தால், புதிய ஏற்பாட்டின் ஒரு பெரிய பகுதி நமக்குக் கிடைத்திருக்காது. பார்வையிழந்து தமஸ்குவில் கிடந்தவனிடம் அனனியா என்ற விசுவாசி பயந்துகொண்டேதான் போனார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் "சகோதரனாகிய சவுலே". எதிரியைத் தாண்டிப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

இதுவரை பார்த்ததை ஒரு முறை நினைவில் வைத்துக்கொள்வோம். எதிர்ப்பில் இரண்டு தளங்கள் உண்டு: கண்ணுக்குத் தெரியும் எதிரி, தெரியாத பிசாசு. போராட்டம் பிசாசோடு. எதிரியோ மீட்கப்பட வேண்டியவர்.

## பிசாசு எப்படி வேலை செய்கிறான்?

சினிமாவில் பார்க்கிற மாதிரி பொருட்கள் பறப்பதும் குரல் மாறுவதும்தான் பிசாசின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சுவிசேஷங்களில் பிசாசு பிடித்தவர்களின் சம்பவங்கள் இருக்கின்றன, அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் விசுவாசிகளுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் எச்சரிப்பது பெரும்பாலும் வேறு வகையான, அமைதியான வேலைகளைப் பற்றி.

முதல் கருவி பொய். யோவான் 8:44-இல் இயேசு அவனைப் பொய்க்குப் பிதா என்கிறார். அந்தப் பொய் அப்பட்டமாக வராது. மத்தேயு 4-இல் இயேசுவைச் சோதிக்கும்போது அவன் 91-ஆம் சங்கீதத்தையே மேற்கோள் காட்டுகிறான். வசனம் சரி, அதைப் பயன்படுத்திய விதம்தான் தவறு. இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்து பதில் சொல்கிறார். அவருடைய பதில் கூச்சலாக இல்லை, சத்தியமாக இருந்தது.

இரண்டாவது கருவி குற்றச்சாட்டு. வெளிப்படுத்தின விசேஷம் 12:10 அவனை, இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றம் சுமத்துகிறவன் என்று சொல்கிறது. "உனக்கு மன்னிப்பே கிடையாது" என்று நம்மிடம் நம்மைப் பற்றியும், "அவன் திருந்தவே மாட்டான்" என்று நம்மிடம் மற்றவரைப் பற்றியும் சொல்லும் குரல் இது.

மூன்றாவதுதான் நம் விஷயத்துக்கு நேரடியானது: ஆறாத கோபம். சூரியன் மறைவதற்குள் எரிச்சல் தணியட்டும், பிசாசுக்கு இடம் கொடுக்காதீர்கள் என்று எபேசியர் 4:26-27 சொல்கிறது. கொரிந்து சபையில் தவறு செய்த ஒருவரை மன்னிக்கச் சொல்லும்போது, சாத்தானால் நாம் மோசம்போகாதபடிக்கு இதைச் செய்கிறோம் என்று பவுல் காரணம் சொல்கிறார். அவனுடைய தந்திரங்கள் நமக்குத் தெரியாதவை இல்லையே என்றும் சேர்த்துக்கொள்கிறார் (2 கொரிந்தியர் 2:10-11). மன்னிக்க மறுப்பதைத்தான் அங்கே சாத்தானின் தந்திரம் நுழையும் வாசலாக அவர் காண்கிறார்.

இப்போது அந்த மூன்றாவது ஆளை நினைத்துப் பாருங்கள். எதிரி நமக்குச் செய்த தீமை பிசாசின் பாதி வேலைதான். அந்தத் தீமையைக் கொண்டு நம் உள்ளத்தில் வெறுப்பை வளர்த்து, நம்மையும் அதே ஆளாக மாற்றுவது மீதிப் பாதி. "தீமையினாலே வெல்லப்படாமல்" என்று ரோமர் 12:21 எச்சரிப்பது இதைத்தான். எதிரி தோற்ற பிறகும்கூட நாம் தீமையால் வெல்லப்பட்டிருக்க முடியும்.

## அவன் தேவனுக்குச் சமமானவன் இல்லை

ஒருபக்கம் தேவன், மறுபக்கம் பிசாசு, நடுவில் சமபலமான சண்டை என்ற கற்பனை பரவலாக இருக்கிறது. இதற்கு இருமைவாதம் என்று பெயர்: நன்மையும் தீமையும் ஆதியிலிருந்தே சம வலிமையுள்ள இரண்டு சக்திகள் என்னும் கொள்கை. மானி என்பவரைப் பின்பற்றிய மணிக்கேயர்கள் இதைப் போதித்தார்கள். பின்னாளில் பெரிய கிறிஸ்தவ இறையியலாளரான அகுஸ்தீன் 9 ஆண்டுகள் அவர்களோடு இருந்துவிட்டு விலகினார். தீமைக்குத் தனியாக ஒரு பொருண்மை இல்லை, அது நன்மையின் குறைவு மட்டுமே என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

வேதாகமத்தில் சாத்தான் படைக்கப்பட்டவன். யோபுவின் கதையில் அனுமதி இல்லாமல் அவனால் அசையக்கூட முடியவில்லை. கொலோசெயர் 2:15-இன்படி, துரைத்தனங்களும் அதிகாரங்களும் சிலுவையிலேயே தோற்கடிக்கப்பட்டுவிட்டன. அந்த வெற்றி எப்படி வந்தது என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். தன்னைக் கொன்றவர்களுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இயேசு சாகிறார். பிசாசின் மொத்தப் பொறியும் வெறுப்பை வெறுப்பால் பெருக்குவதில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் அது வேலை செய்யவில்லை.

ஆகையால் பிசாசைக் கண்டு நடுங்கவும் வேண்டாம், அவனிடம் சவால் விட்டுக் கத்தவும் வேண்டாம். பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசோடு வாதாடியபோது, "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்பதோடு நிறுத்திக்கொண்டான் என்று யூதா 9 சொல்கிறது.

## சர்வாயுதவர்க்கம் என்றால் என்ன?

எபேசியர் 6-இல் சொல்லப்படும் ஆயுதங்களின் தொகுப்புக்கு இந்தப் பெயர். ரோமப் போர்வீரனின் உடை என்றே பலர் விளக்குவார்கள். ஆனால் இதன் வேர் இன்னும் பழையது: ஏசாயா 59:17-இல் நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் அணிவது கர்த்தர்தான். தேவன் தாமே அணிந்ததை விசுவாசிக்கும் தருகிறார் என்பது கருத்து.

என்னென்ன ஆயுதங்கள் என்று பாருங்கள். சத்தியம், நீதி, சமாதானத்தின் சுவிசேஷம், விசுவாசம், இரட்சிப்பு, தேவனுடைய வசனம், அதோடு இடைவிடாத ஜெபம். பொய்க்கு எதிராகச் சத்தியம். குற்றச்சாட்டுக்கு எதிராக, 'நான் மீட்கப்பட்டவன்' என்ற நிச்சயம். பிரிவினைக்கு எதிராகச் சமாதானம். ஒவ்வொன்றும் பிசாசின் ஒரு கருவிக்குப் பதிலாக நிற்கிறது. மனிதர்மேல் வீசுவதற்கென்று இதில் ஒன்றுமே இல்லை. அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் கட்டளையும் 'நில்லுங்கள்' என்பதே. வெற்றி ஏற்கெனவே கிடைத்துவிட்ட நிலத்தில் விழாமல் நிற்பதுதான் விசுவாசியின் பங்கு.

## சரி, எதிரியை என்ன செய்வது?

"உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற இயேசுவின் கட்டளை (மத்தேயு 5:44) எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் திணறுவதும் இங்கேதான். எதிரிமேல் பாசம் பொங்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் அது யாராலும் முடியாது. ஆனால் அந்த வசனமே செயல்களைத்தான் சொல்கிறது: ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள். பழைய ஏற்பாட்டிலும் இது இப்படித்தான். உன் எதிரியின் மாடோ கழுதையோ வழி தப்பித் திரிவதைக் கண்டால் அதை அவனிடம் கொண்டுபோய் விடு என்கிறது யாத்திராகமம் 23:4. அவனைப் பற்றி எப்படி உணர வேண்டும் என்று அங்கே சொல்லவில்லை. கழுதையைக் கொண்டுபோய் விடச் சொல்கிறது.

எலிசா தீர்க்கதரிசியைப் பிடிக்க வந்த சீரியப் படை சமாரியாவின் நடுவில் மாட்டிக்கொண்டபோது, "வெட்டட்டுமா?" என்று இஸ்ரவேலின் ராஜா கேட்கிறான். வேண்டாம் என்று எலிசா தடுத்து, அவர்களுக்கு விருந்து வைத்து அனுப்பச் சொல்கிறார். அதற்குப் பிறகு சீரியரின் கொள்ளைக் கூட்டங்கள் வரவில்லை என்று 2 இராஜாக்கள் 6 முடிக்கிறது.

எப்போதும் இப்படி நல்ல முடிவு கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர், வயதுவந்த பிறகே ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று போதித்த அனபாப்டிஸ்ட் குழுவைச் சேர்ந்தவர் என்பதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். தப்பி ஓடும்போது உறைந்த நீர்நிலையைக் கடந்துவிட்டார். துரத்தி வந்தவர் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தார். டிர்க் திரும்பி வந்து அவரைத் தூக்கிக் காப்பாற்றினார். அதனால் மீண்டும் பிடிபட்டு, 1569 மே 16 அன்று எரித்துக் கொல்லப்பட்டார். பலன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் அன்பு இது இல்லை. நல்லவர்மேலும் தீயவர்மேலும் சூரியனை உதிக்கச் செய்யும் தகப்பனைப் போலிருப்பது என்று இயேசு இதற்குக் காரணம் சொல்கிறார்.

## அப்படியானால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தப் போதனையைக் காட்டியே அடிபடுகிறவர்களை அடிபடும் இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய அநியாயம்.

பவுல் தமஸ்குவில் கூடையில் இறக்கப்பட்டுத் தப்பினார். சவுக்கடிக்காகக் கட்டப்பட்டபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார். நியாயம் கிடைக்காது என்று கண்டபோது ரோமப் பேரரசராகிய இராயனுக்கு மேல்முறையீடு செய்தார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று இயேசுவே சொன்னார். தம்மைக் கன்னத்தில் அறைந்த சேவகனிடம், "என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார். விலகிப்போகலாம், புகார் கொடுக்கலாம், நீதிமன்றம் போகலாம். பழிவாங்குதல் ஒன்றைத்தான் ரோமர் 12:19 நம் கையிலிருந்து எடுத்துத் தேவனிடம் கொடுக்கச் சொல்கிறது.

மன்னிப்பதும் ஒன்றிணைவதும் வேறு வேறு. மன்னிப்பு ஒருவர் மட்டுமே செய்யக்கூடியது. ஒன்றிணைவதற்கு மற்றவரும் மனம் திரும்ப வேண்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று அளவு வைத்தே எழுதியிருக்கிறது.

## சபிக்கும் சங்கீதங்கள்?

58, 109, 137 போன்ற சங்கீதங்கள் எதிரியின் அழிவைப் பச்சையாகவே கேட்கின்றன. இவற்றைக் காட்டி, 'நாமும் அப்படி ஜெபிக்கலாமே' என்பார்கள். சபைகளுக்குள்ளும் இதில் ஒரே கருத்து கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபை 1970-இல் திருத்திய, திருப்புகழ்மாலை என்ற அன்றாட ஜெபநூலில் 58, 83, 109 ஆகிய மூன்றையும் முழுவதுமாக விட்டுவிட்டது. வேறு பலர் இவற்றை, கோபத்தை மறைக்காமல் தேவனிடம் கொட்டிவிடும் ஜெபங்களாக வாசிக்கிறார்கள்.

இரண்டாவது வாசிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது. தாவீதின் பெயரால் வரும் சங்கீதங்களில் கோபம் கொதிக்கிறது. ஆனால் என்கேதி குகையில், அவனைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா (பவுலாக மாறிய சவுல் வேறு) கைக்கெட்டும் தூரத்தில் அகப்பட்டபோது, தாவீது வெட்டியது அவனுடைய சால்வையின் தொங்கலை மட்டும்தான். அதற்கே மனம் வருந்தினான். கோபம் தேவனிடம் போனதால் பட்டயத்துக்குப் போகவில்லை.

## எல்லாவற்றுக்கும் பிசாசைக் காரணம் சொல்லலாமா?

கூடாது. பிறவிக் குருடனைக் காட்டி, "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்னது, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்பது. பேயோட்டுவதற்கென்று தனிச் சடங்கு வைத்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபைகூட, ஆயரின் அனுமதி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது, முதலில் அது நோயா என்று உறுதிப்படுத்த வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. மனச்சோர்வோ வலிப்போ உள்ளவரை மருத்துவரிடம் அனுப்பாமல் 'ஆவி' என்று அடைத்துவைப்பது அவருக்குச் செய்யும் கொடுமை.

நம்மை எதிர்க்கும் மனிதரைப் 'பிசாசு பிடித்தவர்' என்று முத்திரை குத்துவதும் இதே தவறின் இன்னொரு வடிவம். அவர் சொல்லும் குறையில் உண்மை இருக்கலாம். எதிர்ப்பு வருவதாலேயே நாம் சரி என்று ஆகிவிடாது.

## ஜெபத்தில் எதைக் கேட்பது?

முதலில், நடந்ததை நடந்தபடி சொல்லலாம். கோபத்தையும் சேர்த்தே சொல்லலாம். சங்கீதங்கள் அதற்கு மொழி தருகின்றன. பிறகு பிசாசின் பொய் எதுவோ அதைக் கண்டுபிடிக்க ஞானம் கேட்கலாம்: இந்தச் சம்பவம் என்னைப் பற்றி, தேவனைப் பற்றி, அவரைப் பற்றி என்னை எதை நம்பவைக்கப் பார்க்கிறது? நியாயம் வேண்டுமென்றும் கேட்கலாம். அநியாயம் நிற்க வேண்டும் என்று கேட்பது பழிவாங்குதல் ஆகாது. அதற்கப்புறம் அந்த மனிதரின் பெயரைச் சொல்லி, அவருக்கு நன்மை கேட்க வேண்டும். அவருடைய உடல் நலம், அவர் பிள்ளைகள், அவர் மனம் திரும்புதல் என்று குறிப்பாகக் கேட்பது நல்லது. முதல் நாள் நாக்கு எழும்பாது. ஒரு வரியில் தொடங்கினால் போதும், மறுநாள் அதையே மறுபடியும் சொல்லலாம்.